ஆறெழுத்து ஜாதகம்

மே மாத லீவுக்கு ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை பத்து இலக்க எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்களுக்கு பி.என்.ஆர். என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'ஆர்.ஏ.சி. ஆயிடுச்சு!' என்று வீட்டுக்குள் கூவும் சந்தோஷம் எல்லாப் பிரவாசித் தமிழனுக்கும் தெரியும். ரயில்வேயின் பி.என்.ஆரில் ஒளிவு மறைவு குறைவு. குறையென்ன, அதிகப்படியான வெளிச்சம் என்றே சொல்லலாம். பெட்டியின் கதவோரம் சார்ட் ஒட்டி, பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் பிளாட்பாரத்தில் போகிறவர் வருகிறவர் அத்தனை பேருக்கும் படிக்கக் கொடுத்த தேசம் இது. 2018 மார்ச்சில்தான் பெரிய ஸ்டேஷன்களில் அந்த வழக்கத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள்.

விமானத்தில் கதை நேர் எதிர். டிக்கெட்டில் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஜாதகமே இருக்கிறது. அதை ஏஜென்ட் பார்க்கலாம், விமானக் கம்பெனி பார்க்கலாம், சுங்க இலாகா பார்க்கலாம், பல நாட்டுப் போலீஸ் பார்க்கலாம். ஜாதகருக்கு மட்டும் அதைப் பார்க்கப் பெரும்பாலான இடங்களில் வழியில்லை. இந்த நிலைமை எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியில் முன்பதிவு எப்படி நடந்தது தெரியுமா? லிட்டில் ராக் நகரில் ஒரு சுழலும் பெட்டி. ஒவ்வொரு விமானத்துக்கும் அதில் ஓர் அட்டை. சுற்றி எட்டுப் பேர். டெலிபோன் வந்தால் அட்டையை எடுத்து, இடம் இருக்கிறதா பார்த்து, கோடு போட்டு, திரும்பச் சொருக வேண்டும். தேடி, பதிவு செய்து, டிக்கெட் எழுதி முடிக்கச் சராசரியாக 90 நிமிடம் ஆனதாம். அந்த மேசையைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் நிற்க இடமும் கிடையாது. ஆகவே வியாபாரம் வளர வழியில்லை.

1946ல் 'ரிசர்வைசர்' என்று ஒரு மின்னியந்திரத்தை பாஸ்டனில் வைத்துப் பார்த்தார்கள். 1952ல் அதன் அடுத்த அவதாரம், காந்த உருளையோடு. இரண்டுமே நாற்காலியை மட்டும்தான் எண்ணின. எந்த விமானத்தில் எத்தனை இடம் காலி என்று சொல்லும், அவ்வளவுதான். உட்காரப் போவது கந்தசாமியா முனுசாமியா என்பது அதற்குத் தெரியாது. பெயர்கள் வேறு அட்டைகளில் தனியாகக் கிடந்தன. இரண்டும் அடிக்கடி ஒத்துப்போகாது. விற்றதாக யந்திரம் சொல்லும் சீட்டுக்கு அட்டையில் ஆள் இருக்காது. அட்டையில் இருக்கும் ஆளுக்கு விமானத்தில் சீட்டு இருக்காது.

1953ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் இரண்டு ஸ்மித்கள் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சி.ஆர். ஸ்மித், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர். இன்னொருவர் பிளேர் ஸ்மித், ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர். பெயர் ஒற்றுமையில் ஆரம்பித்த பேச்சு முன்பதிவுத் தொல்லைக்குப் போனது. ஐ.பி.எம். அப்போது அமெரிக்க விமானப்படைக்காக 'சேஜ்' என்ற ரேடார் பாதுகாப்பு அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தது. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் முனையங்களிலிருந்து வரும் தகவலை ஒரு நடுக் கம்ப்யூட்டர் உடனுக்குடன் வாங்கிப் பதில் சொல்லும் வித்தை அது. எதிரி விமானத்தைத் தேடச் செய்த வித்தையை, காலி சீட்டைத் தேடத் திருப்பினார்கள். அதுதான் 'சேபர்'. நியூயார்க் அருகே பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கம்ப்யூட்டர்களோடு 1960ல் ஆரம்பித்து, 1964ல் நாடு முழுக்க முழுமையாக ஓடியது. செலவு சுமார் 4 கோடி டாலர். அந்தக் காலத்து டாலர்!

சேபரின் உண்மையான புதுமை வேகம் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்காலியையும் ஆளையும் ஒரே பதிவில் சேர்த்ததுதான் புதுமை. 'பயணியின் பெயர்ப் பதிவு' என்ற சொற்றொடரின் சுருக்கம்தானே பி.என்.ஆர். பெயர், பயண விவரம், தொடர்பு டெலிபோன், டிக்கெட் எடுத்த அல்லது எடுக்க வேண்டிய விவரம், இந்தப் பதிவை யார் கேட்டு யார் போட்டார்கள் என்பது: இந்த ஐந்தும் இல்லாமல் ஒரு பதிவை மூட முடியாது. அன்றைக்கு வைத்த அந்த அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை.

1976ல் டிராவல் ஏஜென்ட்களின் மேசைக்கே இந்த முனையங்கள் வந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேபரைக் கொடுத்தது. யுனைட்டெட் தன் 'அப்போலோ'வைக் கொடுத்தது. ஏஜென்ட்கள் பெரும்பாலும் திரையின் முதல் பக்கத்தில் உள்ளதையே விற்பார்கள், அதிலும் முதல் வரியை. (நாம் மட்டும் இணையத்தில் இரண்டாவது பக்கம் போகிறோமா என்ன?) எனவே முதல் வரியில் யார் வருவது என்பது கோடிக்கணக்கான டாலர் விவகாரம் ஆயிற்று. சொந்த விமானத்தை மேலே காட்டி, போட்டிக்காரனை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளினார்கள். அமெரிக்கனின் ராபர்ட் கிராண்டல் இதைப் பெரிய குற்றமாகவும் நினைக்கவில்லை. அதற்காகத்தானே பணம் போட்டுக் கட்டினோம் என்பது அவர் வாதம். சின்ன விமானக் கம்பெனிகள் கூக்குரல் போட, 1984ல் அரசு விதி கொண்டுவந்தது: பாரபட்சம் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த விதிகள் முழுக்க முழுக்கக் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடந்த பங்காளிச் சண்டையைத் தீர்க்கப் போட்டவை. எந்த விமானம் எந்த வரியில் வரும் என்பதற்கு விதி இருந்தது. உள்ளே கிடக்கும் பயணியின் விவரத்துக்கு யார் சொந்தக்காரன், அவன் அதைக் கேட்டால் கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2004ல் அமெரிக்கா அந்த விதிகளையும் காலாவதியாக விட்டுவிட்டது.

ஐரோப்பா கொஞ்சம் வேறு பாதை. 1987ல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ். சேர்ந்து 'அமேடியஸ்' ஆரம்பித்தார்கள். தலைமையகம் மாட்ரிட், கம்ப்யூட்டர்கள் இருந்தது மியூனிக் பக்கத்தில் எர்டிங்கில். இன்னொரு கூட்டணி 'கலிலியோ'. 1989ல் ஐரோப்பிய சமூகம் இவர்களுக்கு ஒரு நடத்தை விதி போட்டது. அதன் இடத்தில் 2009ல் வந்த புதிய விதியில் 11வது ஷரத்தை நான் இரண்டு முறை படித்தேன், நம்ப முடியாமல். பயணி தன் விவரத்தைக் கேட்டால் இலவசமாகக் காட்ட வேண்டும், அது முன்பதிவு அமைப்பிடம் இருந்தாலும் சரி, ஏஜென்டிடம் இருந்தாலும் சரி. பயணத்தின் கடைசிக் கட்டம் முடிந்த 72 மணி நேரத்துக்குள் பதிவை நேரடிப் புழக்கத்திலிருந்து எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் அழிக்க வேண்டும். இடையில் பில் தகராறுக்கு மட்டுமே திறக்கலாம். காகிதத்தில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. பிரச்சினை, இப்படி ஒரு உரிமை இருப்பது பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான். முன்பதிவு அமைப்பின் பெயர் டிக்கெட்டில் பெரிதாக எங்கும் இருக்காது. யாரிடம் கேட்பது என்றே தெரியாத உரிமை அது.

சரி, அந்த ஜாதகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நம் வீட்டு உதாரணமே போதும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி கேட்கிறோம். பதிவில் 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' என்று ஒரு வரி ஏறும். படி ஏற முடியாதவருக்கு வேறு குறியீடு, இருக்கை வரை தூக்கிப் போக வேண்டியவருக்கு வேறு. சைவ சாப்பாடு கேட்டால் 'ஏ.வி.எம்.எல்.' (மெய்யப்ப செட்டியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சமணருக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு 'எம்.ஓ.எம்.எல்.' என்று ஒன்று. மதம் என்ன என்று எந்தப் படிவத்திலும் யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டைக் கேட்டார்கள், நாம் சொன்னோம், அவ்வளவுதான். கூட யார் பயணம் செய்தார்கள், யாருடைய கார்டில் பணம் கட்டப்பட்டது, எந்த டெலிபோனிலிருந்து, ஒருவர் மட்டும் பாதியில் தனியே திரும்பினாரா, எல்லாம் ஏறும். இது போக, ஊழியர்கள் சுதந்திரமாக எழுதும் 'குறிப்புகள்' பகுதி. கவுண்டரில் நீங்கள் சத்தம் போட்டது அங்கே பதிவாகியிருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'வரலாறு'. பி.என்.ஆரில் ஒரு எழுத்து மாறினாலும் யார், எந்த அலுவலகத்திலிருந்து, எந்த நிமிடத்தில் மாற்றினார்கள் என்பது பதிவாகும். அமேடியஸ் திரையில் ஏஜென்ட் 'ஆர்.எச்.' என்று இரண்டெழுத்து தட்டினால் முழுக் கதையும் வந்துவிடும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு தகராறில்தான். சில வருடங்களுக்கு முன் என் பெற்றோர் தில்லியிலிருந்து சென்னை வழியாக மதுரை போனார்கள், போக வர ஒரே டிக்கெட்டில். முதல் விமானத்தின் நேரத்தைக் கம்பெனியே மாற்றியது. அதனால் சென்னையில் இரண்டாவது விமானம் தவறியது. திரும்பி வரும் நாள் பார்த்தால் டிக்கெட்டே இல்லை. 'நோ-ஷோன்னு சிஸ்டத்துல காட்டுது சார், அதனால ரிட்டனும் கேன்சல் ஆயிடுச்சு.' நேரம் மாறியதை யார் எப்போது பதிவில் ஏற்றினார்கள், எங்களுக்குத் தகவல் அனுப்பினார்களா என்று அந்த வரலாற்றைக் காட்டச் சொன்னேன். 'அது எங்க இன்டர்னல் சார்.' தகராறில் இருக்கும் ஒரே சாட்சி எதிர்க்கட்சியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, அந்தச் சாட்சி சொன்னதாக அவர்கள் சொல்வதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். புது டிக்கெட் எடுத்துத்தான் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம், மதுரை மல்லி வாடிப்போனது.

நிற்க. பயணிக்குக் காட்டாத பதிவு யாருக்கெல்லாம் போயிற்று என்று பார்ப்போம்.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா தன் மண்ணுக்கு வரும் விமானக் கம்பெனிகளின் பி.என்.ஆர். எல்லாம் தனக்கு வேண்டும் என்று சட்டம் போட்டது. உள்நாட்டிலும் கூத்து நடந்தது. ஜெட்புளூ கம்பெனி 2002ல் சுமார் 50 லட்சம் பயணப் பதிவுகளை ராணுவத்துக்கு வேலை செய்த ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது 2003ல் வெளியே வந்தது. நார்த்வெஸ்ட் நாசாவுக்குக் கொடுத்தது 2004 ஜனவரியில் தெரிந்தது. அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முறை. எந்தப் பயணியையும் யாரும் கேட்கவில்லை.

ஐரோப்பா 2004ல் 34 வகைத் தகவல்களைத் தர ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2006 மே 30ல் அதை ரத்து செய்தது. ஒப்பந்தம் போட்ட சட்ட அடிப்படை தவறு என்று சொன்னதே தவிர, அந்தரங்கம் மீறப்பட்டதா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. 2007ல் புது ஒப்பந்தம், 19 தலைப்புகள். 34ஐ 19 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். பல தலைப்புகளைச் சேர்த்துக் கட்டியதில் எண்ணிக்கை குறைந்தது. கல்யாணச் சீர் வரிசையில் இரண்டு தட்டை ஒரே தட்டில் கவிழ்த்த கணக்குதான்.

2006 நவம்பரில் இன்னொரு குண்டு. அமெரிக்காவுக்கு வந்து போகும் ஒவ்வொரு பயணியையும் எடைபோடும் ஒரு தானியங்கி அமைப்பு வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, பதிவுகளை 40 வருடம் வைத்திருக்க உத்தேசம் என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. சிலர் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஜான் கில்மோர் என்ற கம்ப்யூட்டர் உலகப் பிரமுகரின் கோப்பில், அவர் கையில் வைத்திருந்த புத்தகத்தின் தலைப்பு வரை குறித்திருந்தார்கள். எட்வர்ட் ஹாஸ்ப்ரூக் என்ற பயண எழுத்தாளர், டிராவல் ஏஜென்சியிலேயே வேலை பார்த்துப் பி.என்.ஆரின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர், தன் கோப்பை முழுமையாகத் தரவில்லை என்று 2010ல் வழக்குப் போட்டார். அதற்குள் அரசு அந்த அமைப்பைத் தகவல் தரும் கடமையிலிருந்து விலக்கி ஒரு விதி போட்டிருந்தது. விதி வந்தது அவர் விண்ணப்பித்த பிறகு. ஆனாலும் அது செல்லும் என்று 2012ல் நீதிமன்றம் பெரும்பாலும் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் அவர் அமெரிக்கக் குடிமகன். அவர் பிடித்துக்கொண்ட 1974ஆம் வருட அந்தரங்கச் சட்டம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. பெண்ணின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போய்வரும் மாமிக்கு அந்த அளவு உரிமைகூட எழுத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரனுக்குப் பூட்டிய கதவு திருடனுக்குத் திறந்தே கிடக்கிறது. 2016 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், நெமன்யா நிகோடியேவிச் இருவரும் இதை மேடையில் காட்டினார்கள். ஆறெழுத்தும் குடும்பப் பெயரும் தெரிந்தால் போதும், வேறு கடவுச்சொல் கிடையாது. அந்த ஆறெழுத்தோ போர்டிங் பாஸிலும் பெட்டியில் கட்டும் சீட்டிலும் பளிச்சென்று அச்சாகி இருக்கிறது. 2020ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் தன் போர்டிங் பாஸைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். ஒரு இளைஞர் அதை வைத்து உள்ளே போய், பக்கத்தின் பின்னணி நிரலில் அவர் பாஸ்போர்ட் எண், டெலிபோன் எண், ஊழியர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பொறுப்போடு உரியவர்களுக்குத் தெரிவிக்கவும் செய்தார். ஒரு முன்னாள் பிரதமரைப் பற்றி விமானக் கம்பெனி எழுதி வைத்ததை அவருக்கு முன்னால் வழிப்போக்கன் படித்தான்!

நம் ஊருக்கு வருவோம். 2021 மே மாதம் ஏர் இந்தியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் முன்பதிவு விவரங்களைப் பராமரித்த சீட்டா நிறுவனத்தில் ஊடுருவல். உலகம் முழுக்க சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரம் போயிற்று. 2011 ஆகஸ்டிலிருந்து 2021 பிப்ரவரி வரை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், டிக்கெட், கார்டு விவரம். எனக்கு உறைத்தது எண்ணிக்கை அல்ல, தேதி. 2011ல் பறந்து முடிந்த பயணத்தின் விவரம் பத்து வருடம் கழித்து எதற்காக அங்கே கிடந்தது? இதில் இன்னொரு சோகம்: ஏர் இந்தியா அரசுக் கம்பெனியாக இருந்தவரை 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுவாவது போடலாம். 2022 ஜனவரி 27ல் டாடா கைக்குப் போனதோடு அந்த வாசலும் அடைபட்டது.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு பி.என்.ஆர். விதிகளைக் கொண்டுவந்தது. சர்வதேச விமானக் கம்பெனிகள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகவே பயணிகளின் பதிவைச் சுங்கத் துறைக்கு அனுப்ப வேண்டும், ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். மதம், உடல்நலம் போன்றவை தெரியவரும்படி அலசக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, நல்லது. ஆனால் மேலே சொன்ன சாப்பாட்டு வரியும் சக்கர நாற்காலி வரியும் பதிவின் பகுதிதானே?

2023ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம் உரிமைகளைச் சொல்லும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். 11வது பிரிவின்படி நம் தகவலின் 'சுருக்கத்தை'க் கேட்கலாம், யார் யாருக்குப் பகிர்ந்தார்கள் என்று கேட்கலாம். சுருக்கம் என்பது நகல் அல்ல. 'நோ-ஷோ'வை எந்த நிமிடம் யார் ஏற்றினார்கள் என்பது எந்தச் சுருக்கத்தில் வரும் என்று எனக்கு விளங்கவில்லை. குற்ற விசாரணைக்காக எழுத்தில் கேட்டு வாங்கும் அரசு அமைப்புகளுக்குப் பகிர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது.

இப்போதைக்கு நடைமுறையில் கைகொடுப்பது ஐரோப்பாதான். 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஜி.டி.பி.ஆர். சட்டம், ஐரோப்பாவில் உள்ள கம்பெனியிடம் கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். மாதிரி விமானத்தில் போனவர்களும், ஏஜென்ட் மூலம் அமேடியஸில் பதிவு போட்டவர்களும் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம். 'என்னைப் பற்றிய தகவல்' என்று மொட்டையாகக் கேட்டால் நம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் நமக்கே திருப்பி அனுப்புவார்கள். பி.என்.ஆர். குறியீடு, பயணத் தேதி போட்டு, முழுப் பதிவு, அதன் வரலாறு, குறிப்புகள் பகுதி, விசேஷ சேவைக் கோரிக்கைகள், எந்தெந்த அரசுக்கு எப்போது அனுப்பினார்கள் என்று வரிவரியாகக் கேளுங்கள். நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று உறுதிசெய்ய அடையாளச் சான்று கேட்கக்கூடும். கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.